வெண்டைப் பாத்தியில் விளைந்த நடு ஆள்

ரேபர்ன் மேப்ஸின் தோட்டத்தில், வெண்டைப் பாத்தியின் மூன்றாவது வரிசையில், ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு ஃபுட்பால் ஆட்டக்காரன் முளைத்தான். அலபாமா மாநிலத்தில் பார்லோ என்னும் ஊரில், 1986ஆம் வருஷம் நடந்தது இது. அந்த வருஷம் மழை பரவாயில்லை, தக்காளியில் மட்டும் கொஞ்சம் புழு. முதலில் தலைமுடிதான் வெளியே வந்தது. களை என்று நினைத்து ரேபர்ன் மண்வெட்டியை ஓங்கினார். அடியிலிருந்து, “ஐயா, வேணாங்க” என்று மரியாதையாக ஒரு குரல் கேட்டதால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் மனைவி ஒனீட்டாவைக் கூட்டி வந்தார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். “இது வெண்டை இல்ல ரேபர்ன்” என்றாள். அது சரிதான் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அந்த ஊரில் ஃபுட்பால் என்றால் காலுக்கு அவ்வளவாக வேலை கிடையாது. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட வேண்டும். எதிரணிக்காரன் அவனை மோதிச் சாய்க்க வேண்டும். பார்லோ கல்லூரி அணிக்கு முள்ளம்பன்றிகள் என்று பெயர். பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக்காக இருந்த ரேபர்ன், இருபத்திரண்டு வருஷமாக அந்த அணியின் ரசிகர். அவருக்கும் ஒனீட்டாவுக்கும் குழந்தை இல்லை. சனிக்கிழமை ஆட்டங்கள் இருந்தன. பக்கத்து ஊரான வெக்ஸ்லியின் கல்லூரியிடம் முள்ளம்பன்றிகள் தொடர்ந்து பதினோரு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் ஆகஸ்ட் பிறந்தால் ரேபர்ன் ஃபெல்டனின் முடிதிருத்தும் கடையில் போய் உட்கார்ந்து, “இந்த வருஷம் பாருங்கடா” என்று ஆரம்பித்துவிடுவார். கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். எந்த இடத்துக்கு யார், அவனுக்கு அடிபட்டால் யார், அந்த யாருக்கும் அடிபட்டால் யார் என்று பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதுவார். நோட்டில் எழுதியதை எல்லாம் கடையில் சொல்ல மாட்டார். நல்லதை மட்டும் சொல்வார். ரசிகனுக்கு அது ஒரு விரதம்.

அந்த வருஷம் அவர் மனசை அரித்தது தற்காப்பின் நடு இடம், அதாவது முன்வரிசைத் தடியன்களுக்குப் பின்னால் நின்று, புகுந்து வருகிற ஓட்டக்காரனைப் பிடிக்கிற இடம். நாலு வருஷம் அங்கே நின்றவன் படிப்பை முடித்துவிட்டுக் காப்பீடு விற்கப் போய்விட்டான். அடுத்தவன் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வெள்ளிக்கிழமையன்று விதை போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ரேபர்னும் அன்றைக்குத்தான் போட்டார். போன சீசனில் மைதான வாசலில் வாங்கிச் சேர்த்த, ஆட்டக்காரர்கள் படம் போட்ட புத்தகங்களை, எரிச்சலில், கிழித்து மண்ணோடு கொத்திவிட்டார். விதை போடுகிற நேரம் பூராவும் நடு ஆள் இல்லையே, நடு ஆள் இல்லையே என்று புலம்பிக்கொண்டே போட்டார். முளைத்ததற்குக் காரணம் அதுதான் என்று சிலர் சொன்னார்கள். தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்றார் ஊர்ச் செவிலி. பாதிரியார் கருத்துச் சொல்லவில்லை, ஆனால் அடுத்த வாரம் தானும் இரண்டு வரிசை வெண்டை போட்டார். அவருக்கு வெண்டைதான் வந்தது.

மே மாதம் தோள்கள் வெளியே வந்தன. பார்க்க வந்தவர்கள் தங்கள் நாற்காலியைத் தாங்களே கொண்டுவந்தார்கள். ஒனீட்டா தையல் நாடாவால் மார்பை அளந்து, நாடா போதாமல், மிச்சத்தைக் கயிற்றால் அளந்தாள். உள்ளூர் பத்திரிகை அவனைப் பற்றி நாலு வரி போட்டது, கெளுத்தி மீன் விலைக்குக் கீழே. பையன் அதிகம் பேச மாட்டான். கேட்டதற்கு “ஆமாங்கய்யா”, “சரிங்கம்மா” என்பான். தபால்காரர் புல்வெளியைக் குறுக்கே கடந்து ஓடியபோது, இடுப்புவரை மண்ணில் இருந்தபடியே அவரைப் பிடித்துச் சாய்த்தான். தபால்காரர் மறுநாள் மறுபக்கமாகச் சுற்றி ஓடினார். அந்தப் பக்கமும் சாய்ந்து பிடித்தான். மூன்றாம் நாளிலிருந்து கடிதங்கள் பக்கத்து வீட்டில் கிடந்தன. ரேபர்னுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகப் பார்லோ அணியில் இப்படிப் பக்கவாட்டில் எட்டிப் பிடிக்கிற ஆளை அவர் பார்த்ததில்லை. நோட்டை எடுத்து நடு இடத்தில் பேனாவால் ஒரு பெரிய புள்ளி வைத்தார். பேனா அந்த நோட்டைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

ஜூன் நடுவில் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்திலிருந்து மிஸ் வெரீனா ஸ்டோக்லி வந்தார். கல்லூரி அணியில் சேரப்போகிற எந்தப் பையனுக்கும் ரசிகர் மன்றத்துக்காரர்கள் ஒரு வாய் ரொட்டிகூடக் கொடுக்கக் கூடாது; கொடுத்தால் பையன் ஆட முடியாது. சோடா வாங்கிக் கொடுத்துச் சிக்கியவர்கள் உண்டு. ரேபர்ன் மன்றத்தின் கதவுக்குப் பெயின்ட் அடித்த ஆள். அந்த அம்மாள் பாத்தியைச் சுற்றி வந்து எழுதிக்கொண்டார்: தண்ணீர், தினம் இரண்டு வேளை. மாட்டு எரு, மூன்று சாக்கு. வெயிலுக்குத் தட்டி. சாயாமலிருக்க முட்டுக் கழி ஒன்று.

“இதெல்லாம் சலுகை, மிஸ்டர் மேப்ஸ்” என்றார்.

“தண்ணி ஊத்தலன்னா காஞ்சி போவானேம்மா!”

“காஞ்சி போனா விதியை மீறினதா ஆகாது.”

ஒனீட்டா சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “பெத்தவங்க சோறு போட்டாலும் தப்பா?” என்றாள். மிஸ் ஸ்டோக்லி புத்தகத்தைப் புரட்டினார். பெற்றவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். ரேபர்ன் அன்று மத்தியானமே மாவட்ட அலுவலகத்துக்குப் போய் அவனைத் தன் மகன் என்று எழுதிக் கொடுத்தார். குமாஸ்தா பிறந்த தேதி கேட்டதற்குப் பெரிய வெள்ளி என்றார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் குமாஸ்தா ‘மூன்றாம் வரிசை’ என்று எழுதி, பாத்திக்கு நேரில் வந்து தோளைப் பார்த்துவிட்டு, வயது பதினெட்டு என்று போட்டார். பெயர் ஆல்டன் என்றாள் ஒனீட்டா. அதை எப்போதிலிருந்து கையில் வைத்திருந்தாள் என்று ரேபர்ன் கேட்கவில்லை. அவரைப் பொறுத்தவரை கையெழுத்துப் போட்டது முள்ளம்பன்றிகளுக்காக. குமாஸ்தாவை அலுவலகத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வருகிற வழியில் வண்டியில் விசிலடித்தார்.

ஜூலை இருபத்தாறாம் தேதி காலையில் ஆல்டன் பழுத்தான். ஒனீட்டா கையைப் பிடித்துச் சும்மா தூக்கினாள், வந்துவிட்டான். குழாயடியில் கால் கழுவி, உள்ளே வந்து, சோள ரொட்டி பதினாலு தின்றான். வறுத்த வெண்டைக்காயை மட்டும் தொடவில்லை; அவர்களும் அதன் பிறகு அவன் எதிரில் சமைக்கவில்லை. பள்ளிப் படிப்புக்குச் சமமான தேர்வை ஒரே காலையில் எழுதித் தேறினான். கணக்கில் நல்ல மதிப்பெண். வரலாற்றில் குறைவு, அவன் அப்போது இல்லை. ரேபர்ன் முதல் தடவையாக அவன் முழங்கால்களைப் பார்த்தார். மண்ணுக்குள் இருந்த பகுதி என்பதால் வெளுப்பாக, இளசாக இருந்தன. தொட்டால் கன்றிப்போகும் போலிருந்தது.

தாமதமாகப் பழுக்கிறவர்கள் முதல் பயிற்சிக்கு முந்தைய நாள்வரை கையெழுத்துப் போடலாம் என்று மிஸ் ஸ்டோக்லி புத்தகத்தில் ஒரு பிரிவு கண்டுபிடித்தார். ஆகஸ்ட் முதல் வாரம் பயிற்சியாளர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அது அங்கே முறை: வருவார்கள், அம்மா சமைத்ததைத் தின்பார்கள், இப்படி ஒரு கோழி வறுவலைத் தின்றதே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். பார்லோவின் பயிற்சியாளர் பாஸ்கம் ப்ரூயிட் முதலில் வந்தார். ரேபர்ன் அணியின் நிறமான பச்சையில் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இருபத்திரண்டு வருஷமாகத் தூரத்திலிருந்து பார்த்த ஆள் தன் சாப்பாட்டு மேஜையில்! பாஸ்கம் மூன்று தட்டு தின்றார். பையனின் தோளில் தட்டினார். “இவன் ஒருத்தன் போதும் மேப்ஸ். முன்னாடி யாரு நின்னா என்ன, நிக்கலன்னா என்ன? எல்லாத்தையும் இவனே தாங்கிக்குவான்” என்றார். ரேபர்ன் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து மேஜைக்கடியில் பையனின் முழங்கால்களைப் பார்த்தார்.

வெக்ஸ்லியின் பயிற்சியாளர் மறுநாள் வந்தார். அவர் வண்டி தெருவில் நின்றதற்கே அண்டை வீட்டார் திரையை இழுத்துக்கொண்டார்கள். ரேபர்ன் அவரிடம் நல்ல வார்த்தை ஒன்று பேசவில்லை. தேநீரில் சர்க்கரை போட வேண்டாம் என்றுகூட ஒனீட்டாவிடம் கண்ணைக் காட்டினார். அந்த மனுஷர் அதைக் குடித்துவிட்டு, ஆல்டனை உட்காரச் சொல்லி, முழங்கால்களை விரலால் அழுத்திப் பார்த்தார். “இன்னும் முத்தல. முதல் மாசம் இவன வேடிக்கை பாக்க வெப்பேன், அக்டோபருக்கு மேலதான் எறக்குவேன். இவனுக்கு முன்னாடி நிக்க எங்ககிட்ட ரெண்டு பேரு இருக்கானுங்க, ஆளுக்கு முன்னூறு பவுண்டு வெயிட்டு. அவனுங்கள தாண்டிதான் இவன்கிட்ட வரணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையெழுத்துப் போடக் கடைசி நாள் சாயங்காலம் பின்வாசல் படியில் அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து மொச்சை உரித்தார்கள். ரேபர்ன் ஆசைப்பட்டது கைக்கெட்டும் தூரத்தில், கிண்ணத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. அவர் போ என்று சொன்னால் பையன் போவான். நடு இடம் நிரம்பும். வெக்ஸ்லி விழும். ஊரே அவரைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஆல்டன் ஒரு மொச்சையை உரித்துப் போட்டுவிட்டுக் கேட்டான்: “நான் எங்க போகட்டும், அப்பா?”

அதுவரை ஐயா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ரேபர்ன் உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்தார். முன்வரிசைப் பக்கத்தைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷமாக முடிதிருத்தும் கடையில் சொல்லாததெல்லாம் அங்கே பென்சிலில் இருந்தது. “இந்தா, இவன் எடதுபக்கத்துத் தடியன். நூத்தித் தொண்ணூறு பவுண்டுதான், பூட்ஸோட சேத்து. தள்ளினா தள்ளின பக்கம் போவான். வலதுபக்கத்துக்காரன் பந்து வர்றப்ப கண்ண மூடிக்கிறான், மூணு ஆட்டத்துல பாத்தேன். இவனுங்க பின்னாடி நீ நின்னா எதிராளியோட ரெண்டு தடியனுங்க நேரா உன் கால்மேல வந்து விழுவானுங்க. செப்டம்பர் முடியறதுக்குள்ள முட்டி போயிடும்.” மூச்சு வாங்கிக்கொண்டார். நோட்டை மூடிப் படியில் வைத்தார். “நம்ம டீம் சரியில்லடா. எப்பவுமே சரியில்ல. வெக்ஸ்லிக்குப் போ.”

சொன்னதும் அவருக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஒனீட்டா உள்ளே ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். ஆல்டன் மிச்ச மொச்சையையும் உரித்து முடித்துவிட்டு வெக்ஸ்லியில் கையெழுத்துப் போட்டான்.

பார்லோ அதை லேசில் விடவில்லை. ரேபர்னின் வண்டிச் சக்கரம் நாலிலும் காற்று போயிருந்தது. தேவாலயத்தில் அவர்கள் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. ஃபெல்டன் பாதித் தலைக்கு வெட்டிவிட்டு, கடை மூடும் நேரமாகிவிட்டது என்றார். அப்போது மணி பதினொன்று. ரேபர்ன் பாதித் தலையோடு மூன்று மாதம் வேலைக்குப் போனார். யாரிடமும் சண்டை போடவில்லை. மன்றத்துக்குப் போய், தான் பெயின்ட் அடித்த கதவின் இடுக்கு வழியாகத் தன்னிடமிருந்த சாவியை உள்ளே போட்டுவிட்டு வந்தார்.

நவம்பரில் வெக்ஸ்லி அணி பார்லோவுக்கு ஆட வந்தது. வந்த அணியின் பெற்றோருக்கு மைதானத்தின் எதிர்மூலையில் நாற்பது இடம் உண்டு. ஒனீட்டா தைத்துக் கொடுத்த, வெக்ஸ்லியின் கத்தரிப்பூ நிறச் சட்டையில் ரேபர்ன் அங்கே உட்கார்ந்தார். பச்சைக் கூட்டம் முழுக்க அவரைப் பார்த்து ஊளையிட்டது. பேண்ட் வாத்தியக்காரர்கள்கூட ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு ஊளையிட்டார்கள். கடைசிக் கால் மணியில் முள்ளம்பன்றிகள் மூன்றே புள்ளி பின்தங்கியிருந்தார்கள். அவர்களுடைய ஓட்டக்காரன் நடுவில் புகுந்தான். இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் ரேபர்னின் வாய், “ஓடுடா!” என்று ஆரம்பித்தது. ஆல்டன் குறுக்கே வந்தான். மோதிய சத்தம் கடைசிப் படிவரை கேட்டது. அவர்கள்மேல் ஆறேழு பேர் விழுந்தார்கள். ரேபர்ன் எழுந்து நின்றார். பந்து யாரிடம் இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. குவியலிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், அடியில் பையன் கிடந்தான். பிறகு அவனும் எழுந்தான். வலது காலை மடக்கி நீட்டினான், இடது காலை மடக்கி நீட்டினான். அம்மா அப்பா உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

“என் பையன்!” என்று ரேபர்ன் கத்தினார். கத்திய கத்தில் தொண்டை கட்டிக்கொண்டது, குரல் சரியாக இரண்டு நாள் ஆனது.

பார்லோ பன்னிரண்டாவது வருஷமாகத் தோற்றது. ஜெயித்த பக்கத்தில் இருந்து பழக்கமில்லாததால் ரேபர்னுக்கு எப்போது எழுந்து வீட்டுக்குப் போவது என்று தெரியவில்லை. கூட்டம் கலைந்தபின் ஃபெல்டன் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தார். மிச்சப் பாதித் தலையைப் பார்த்தார்.

“செவ்வாய்க்கிழமை கடைக்கு வா, முடிச்சி உட்டுர்றேன்” என்றார். போகிற மாதிரி திரும்பி, மறுபடி நின்றார். “மேப்ஸ், அடுத்த பெரிய வெள்ளிக்கு முன்வரிசைக்கு ரெண்டு பேரைப் போட்டு வெய்யேன். கொஞ்சம் கனமா இருந்தா நல்லது.”

ரேபர்ன் யோசித்தார். தக்காளி போட்ட இடம் காலியாகத்தான் இருந்தது.

“போடலாம்” என்றார் கரகரத்த குரலில். “ஆனா எந்தக் காலேஜுக்குப் போறதுன்னு அவனுங்கதான் முடிவு பண்ணுவானுங்க.”

ஃபெல்டன் அதற்குச் சம்மதித்தார். எரு தன் செலவு என்று சொன்னவர், விதிமுறை ஞாபகம் வந்து, இல்லை, வேண்டாம், நீயே போட்டுக்கொள் என்றார்.