மான் கடிக்காத பூ

எங்கள் அமெரிக்க ஊரான எடிசனின் பனியைத் தாங்கி, வருஷா வருஷம் தானே முளைக்கிற பூச்செடி வேண்டும் எனக்கு. முன்பு வைத்ததையெல்லாம் மான்கள் மொட்டையடித்துவிட்டன. அதனால் நர்ஸரிக்காரனிடம், மான் தொடாத செடியாகக் கேட்டேன். "லில்லி ஆஃப் த வேலி. மான் கிட்டவே வராது" என்றான். ஏன் வராது என்று கேட்கவில்லை நான், மடச்சி.

இந்த மே மாதம் வெள்ளை மணிகளாகப் பூத்தது. அப்படியொரு வாசனை! சனிக்கிழமை எங்கள் வீட்டு சகஸ்ரநாமத்துக்கு ஒரு கைப்பிடி பறித்துத் தீர்த்தச் சொம்பில் போட்டேன்.

வந்தவர்களெல்லாம் தீர்த்தம் வாங்கிக் குடித்துக் கிளம்பிய பிறகு என் பெண் மானஸா அந்தப் பூவைப் போனில் தேடிப் பார்த்தாள். "அம்மா, இட்ஸ் பாய்ஸன். ஈவன் த வாட்டர்."

விஷத்துக்கு அவசர உதவி சொல்லும் பாய்ஸன் கன்ட்ரோலைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். "எத்தனை பேர் குடித்தார்கள்?" என்று கேட்டாள் மறுமுனையில் ஒரு பெண்.

"என்னையும் சேர்த்துப் பதினாறு" என்றேன்.

அப்போது மானஸா தன் போனை நீட்டினாள். எங்கள் சகஸ்ரநாம வாட்ஸ்அப் குரூப்பில், கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்திருந்த ப்ரியம்வதா எழுதியிருந்தாள்: "ஆன்ட்டி, தீர்த்தம் என்ன வாசனை! பாப்பாவுக்கும் ஒரு பாட்டில் எடுத்துண்டு வந்துட்டேன்."

போனைப் பிடுங்கி அவளைக் கூப்பிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது.

எடுடி. எடேன்டி.