சங்கு மூச்சு விடும் இடம்

"குரல் வந்துடுச்சு. பொண்ணு எங்க?" என்று கேட்டார் தயாரிப்பாளர்.

பொண்ணு அவருக்கு எதிரே, ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தாள். காதில் ஹெட்போன் இருந்ததால் அவர் கேட்டது ஒரு எழுத்து விடாமல் அவளுக்கு விழுந்தது. விழக் கூடாது என்று நினைத்திருந்தால் பேசும் பொத்தானிலிருந்து விரலை எடுத்திருப்பார். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்த மனிதர் இல்லை. சவுண்டுக்காரர்தான் தலையைக் குனிந்துகொண்டு, "இதான் சார் பொண்ணு" என்றார்.

தயாரிப்பாளர் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு கீழிருந்து மேலே பார்த்தார். எந்த வழியாகப் போனாலும் அவருக்குப் பிடித்த இடம் வரவில்லை. "சரி, இன்னொரு தடவை பாடச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அன்றைக்கே அந்த ஹெட்போனைக் கழற்றி அவர் மூஞ்சியில் வீசிவிட்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதினேழு வயது, பாட்டென்றால் உயிர், வேறு யாரும் கூப்பிடவும் இல்லை. பாடினாள். மேலே போகும் இடத்தில் சவுண்டுக்காரர் எதிரே இருந்த விளக்குகள் எல்லாம் சிவப்பாகின. "நாலடி தள்ளி நில்லும்மா, மைக்கு பாவம்" என்றார் அவர்.

அவளுக்குச் சங்கு என்று பேர் வைத்தது சலவைக்கூடம். ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் அது இருந்தது. அம்மா அங்கே மேற்பார்வை. இவள் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் உருளை இயந்திரத்துக்குள் துணி தள்ளுகிறவள். எட்டு மெஷின் சேர்ந்து ஓடும் இடத்தில், பக்கத்தில் இருப்பவளிடம் "தள்ளிக்கோ" என்று சொல்லவே தொண்டை கிழியும். இவள் அந்த இரைச்சலுக்கு மேலே ஏறி நின்று பாடினாள். ஒரு நாள் வேலை முடிகிற சங்கு ஊதிவிட்டது என்று நினைத்து, ஏழு பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். "எல்லாம் திரும்பி வாங்கடி, ஊதினது என் பொண்ணு" என்று அம்மா படிக்கட்டு வரை ஓட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து சங்கு.

ஆள் வாட்டசாட்டம். அகன்ற தாடை, முன்னுக்கு வந்த இரண்டு பற்கள். பாடும்போது வாய் குகை போலத் திறக்கும். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை, கவலைப்படுவதற்கு ஊரில் ஆள் நிறைய இருந்தார்கள்.

ஒரே ஒரு பாட்டுக்கு ஒன்றரை மாதம் உழைத்தார்கள். தயாரிப்பாளர் வாயில் எந்நேரமும் "நாம"தான். நாம கலக்கப்போறோம், நாம ஊரையே ஆட வைக்கப்போறோம். அந்த "நாம"வுக்குள் தானும் இருப்பதாக நம்பி, வேலை முடிந்த கையோடு ஈரக் காலோடு ஸ்டுடியோவுக்கு ஓடினாள் சங்கு. பாட்டின் அட்டையில் தன் பேர் எந்த எழுத்தில் வரும் என்று மனசுக்குள் எழுதிக்கூடப் பார்த்துவிட்டாள்.

பாட்டு முடிந்த வாரம், அதை வெளியிடும் கம்பெனியின் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசை. இவள் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். கூட வந்த அம்மா என்னவோ சுற்றிக்கொண்டு போய்த் தயாரிப்பாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசை மேல் பாட்டின் அட்டை இருந்தது. அட்டையில் வேறு ஒருத்தி.

கம்பெனியின் நடனக்காரி அவள். எல்லாரும் மயில் என்பார்கள். மயிலுக்கு எல்லாம் உண்டு, குரல்தான் கிடையாது. பேர் வைத்தவன் தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும்.

"யாரு பாடினதா வரும்?" என்றாள் சங்கு.

"அவ பாடினதாத்தான்" என்றார் தயாரிப்பாளர், கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் தட்டிக்கொண்டே. வயது வராதவள் என்பதால் கையெழுத்து அம்மாவுடையது.

"அம்மா?"

அம்மா அட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம்டி."

நாங்க! சுருதி ஒரு நூல் விலகினாலும் பிடித்துவிடுகிற காது அவளுக்கு. "நாம" என்றிருந்தால் அங்கேயே சண்டை போட்டு, அழுது, மூக்கைச் சிந்திச் சமாதானமாகியிருக்கலாம். பெற்றவள் மேசைக்கு அந்தப் பக்கம் போய் அவர்களோடு சேர்ந்து "நாங்க" ஆகிவிட்டாள். இந்தப் பக்கம் இவள் தனி.

பஸ் நிறுத்தத்தில் வெடித்தாள். "என் குரலைத் தூக்கி எவளுக்கோ குடுத்துட்டு வந்திருக்க. எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"பள்ளிக்கூட விழாவுல நீ வாயைத் தொறந்ததும் முன் வரிசை முழுக்கச் சிரிச்சுது. உனக்குத் தெரியாது, நீ கண்ணை மூடிக்கிட்டுப் பாடின. நான் அந்த வரிசைக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். மறுபடி அதை என்னால பாக்க முடியாது."

"எனக்காகப் பயந்தியா, இல்ல உனக்கு வெக்கமா இருந்துச்சா?"

அம்மா பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் வந்தது. இருவரும் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

அதோடு விட்டார்களா? மயிலுக்கு வாயசைக்கச் சொல்லிக் கொடுக்கவும் சங்குதான் போக வேண்டும் என்றது கம்பெனி. முதல் நாளே மயில் ஒப்பனைக்காரரிடம், "இவ தொறக்குற மாதிரி நான் தொறந்தா லிப்ஸ்டிக் காது வரைக்கும் போயிடும்" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சங்கு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். உன்னை ஒரு நாள் பார்த்துக்கொள்கிறேன் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் ஒன்று. மயில் உழைப்பாளி. ஒரு காகிதத்தில் பாட்டை எழுதி வைத்துக்கொண்டு, சங்கு மூச்சு விடும் இடங்களில் எல்லாம் சின்னதாக ஒரு கோடு போட்டாள். "உதட்டை எப்படி வேணா ஏமாத்திடலாம். நெஞ்சு ஏறணும், அதுவும் சரியான இடத்துல ஏறணும். இல்லன்னா கடைசி வரிசைக்காரன்கூடக் கண்டுபிடிச்சிடுவான்" என்றாள். நூறு தடவை போட்டுப் போட்டுப் பழகினாள். பாட்டின் கடைசியில் உச்சியில் நிற்கும் ஒரு நீண்ட சுரம் உண்டு. சங்கு அதைப் பதினொரு எண்ணிக்கை பிடித்து, ஒரு மூச்சு எடுத்து, மறுபடி பதினொரு எண்ணிக்கை பிடித்திருந்தாள். அந்த நடு மூச்சுக்கு மயில் சிவப்புக் கோடு போட்டாள். அந்த இடத்தில் மைக்கை இறக்கி, மூச்சு வாங்கி, ஒரு சிரிப்புச் சிரித்து, மறுபடி மைக்கை உயர்த்துவாள். அழகாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள சங்குவுக்கு வாய் வரவில்லை.

பாட்டு வெளிவரும் நாள் மாலை டிவியில் நேரடி நிகழ்ச்சி. அன்று காலை சவுண்டுக்காரர் கூப்பிட்டார். கடைசிச் சுரத்தில் ஏதோ கரகரப்பு இருக்கிறதாம், அதை மட்டும் திரும்பப் பாட வேண்டுமாம். சங்கு பாடினாள். பதினொன்று வந்தது. மூச்சு எடுக்க வேண்டிய இடம். எடுக்கவில்லை. திட்டமெல்லாம் ஒன்றும் இல்லை, ஆத்திரம்தான். எடுத்தால் அது மயிலின் மூச்சு என்று தோன்றியது. பன்னிரண்டு, பதினைந்து, கண்ணில் நீர் முட்டியது, இருபத்திரண்டு வரை ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள். தயாரிப்பாளர் நாற்காலியை விட்டுக் குதித்துவிட்டார். "இதையே போடு! ராத்திரிக்கு ஊரே செத்துச்சு!"

மயிலுக்குச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவருக்கு எது தோன்றியிருக்கிறது?

அம்மா வாசலில் பையோடு காத்திருந்தாள். இருவரும் கிளம்பும்போது, பாதி அலங்காரத்தோடு மயில் ஓடி வந்தாள். ஒரு கண்ணுக்குத்தான் மை இருந்தது. "ஏங்க, கடைசி இடத்தைத் திரும்பப் பாடினீங்களாமே? மூச்சு அங்கேயே தானே?" என்றாள். அவள் "ஏங்க" என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மாற்றிவிட்டேன் என்று சொல்ல அரை நொடி போதும்.

"அங்கேயேதான்" என்றாள் சங்கு.

"நன்றிங்க" என்று சொல்லிவிட்டு மயில் உள்ளே ஓடினாள். அம்மா மகளைப் பார்த்தாள். மகள் செருப்பைப் பார்த்தாள்.

நிகழ்ச்சியைச் சலவைக்கூடத்து ஓய்வறையில் எல்லாப் பெண்களும் சேர்ந்து பார்த்தார்கள். யார் குரல் என்று அவர்களுக்குத் தெரியாதா? மயில் மேடையில் வந்ததுமே திட்டத் தொடங்கிவிட்டார்கள். மயில் பிரமாதமாக ஆடினாள், ஒரு மூச்சு தவறவில்லை. கடைசிச் சுரம் வந்தது. பதினொன்றாம் எண்ணிக்கையில் மைக்கை இறக்கினாள், மூச்சு வாங்கினாள், சிரித்தாள். குரல் அதன் பாட்டுக்கு அரங்கம் முழுக்க நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நொடி அவளுக்கே புரியவில்லை. மைக்கைத் தூக்கினாள், வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். முன் வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும். நிகழ்ச்சி நடத்துகிறவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தே விட்டார். கேமரா மயிலின் முகத்தை விடவில்லை.

ஓய்வறையில் விசில் பறந்தது. சங்கு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. அம்மா எழுந்து டிவியை அணைத்தாள். "மெஷின் நிக்குது. வாங்க" என்றாள்.

மூன்றே நாளில் "அந்தக் குரல் யாருடையது?" என்று ஊர் கேட்டது. சலவைக்கூடம் ஏழு வாயால் பதில் சொன்னது. தயாரிப்பாளர் பூங்கொத்தோடு அடித்தளத்துக்கு இறங்கி வந்து, "நாம இனிமே..." என்று ஆரம்பித்தார். "நாமன்னு ஒண்ணும் கிடையாது. நான் இருக்கேன், நீங்க இருக்கீங்க. நான் சொல்றதை நீங்க செய்வீங்க" என்றாள் சங்கு. பூங்கொத்தை ஈரத் துணிக் கூடையில் போட்டாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த அட்டையில் அவள் முகம்தான், வாய் அகலத் திறந்து, பல் இரண்டும் தெரிய. ஒரு பத்திரிகைக்காரன் அந்தப் பல்லைக் கிண்டல் செய்து எழுதினான். மேடையில் அவன் கட்டுரையை வாசித்துக் காட்டி, இருபதாயிரம் பேரை அவன் பேர் சொல்லிக் கத்த வைத்தாள். அவன் விளையாட்டுப் பக்கத்துக்கு மாறிப் போனான். நான்கு வருடத்தில் அவள் இருமினால் கம்பெனியே எழுந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு கேட்ட தயாரிப்பாளர், இப்போது அவள் உள்ளே வந்தால் கண்ணைச் சிமிட்டவும் பயந்தார். கடைசிச் சுரம் வந்தால் கூட்டம் ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை சத்தம் போட்டு எண்ணும். பேட்டிகளில் அவள் ஒரே கதையைச் சொல்வாள்: என் குரலை ஒருத்தி திருடினாள், கடவுள் காட்டிக் கொடுத்தார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பெரிய வீடு வந்த பிறகும் அம்மா சலவைக்கூடத்து வேலையை விடவில்லை. மகள் எவ்வளவோ கத்திப் பார்த்தாள். நடக்கவில்லை.

ஐந்தாம் வருடம், அவளுடைய நிகழ்ச்சிகளிலேயே பெரிய நிகழ்ச்சி அன்று மாலை. மத்தியானம் அம்மா சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் மகளின் அறைக்குள் நின்றாள்.

"அந்த மயில் பொண்ணு வேலை கேட்டு வந்துச்சு. துணி மடிக்கிற மேசையில போட்டேன். ரெண்டே நாள். நம்ம பொண்ணுங்க அவ பக்கத்துல போகும்போதெல்லாம் வாயைத் தொறந்து தொறந்து மூடிக் காட்டிச் சிரிக்கறாங்க. ஒண்ணு ரெண்டுன்னு எண்ணறாங்க. இன்னைக்கு மடிச்ச துணியை அப்படியே வெச்சுட்டுப் போயிடுச்சு."

"நான் என்ன பண்ணணும் அதுக்கு?"

"உன் மூஞ்சியப் பாத்துச் சிரிப்பாங்கன்னு நான் பயந்தேன். நீ இன்னொருத்தி மூஞ்சியப் பாத்து ஊரையே சிரிக்க வெச்சுட்ட."

சங்கு கண்ணாடி முன்னாலிருந்து எழுந்தாள். ஜன்னல் அதிரும்படி கத்தினாள். "அன்னைக்கு நீ மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தா எனக்கு எதுக்கும்மா அந்தப் பொய்?"

"வாஸ்தவம். அது என் தப்பு, சாகிற வரைக்கும் ஒத்துக்குவேன்" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு கண்ணு மையோட ஓடி வந்து கேட்டவளுக்குப் பதில் சொன்னது நான் இல்லையே."

சங்கு கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவ இப்ப எங்க இருக்கான்னு கேக்க மாட்டியா? முகவரி எங்கிட்ட இருக்கு."

கீழே கார் ஹாரன் அடித்தது. கேட்பதற்காகத்தான் சங்கு வாயைத் திறந்தாள். கேட்டால் போக வேண்டும். போனால் அன்றைக்குப் பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும். சொன்னால், அரங்கத்தில் இருபத்திரண்டு வரை எண்ணும் அத்தனை பேருக்கும் சொன்ன மாதிரி.

"சாயங்காலம் தொண்டை வேணும்மா. இப்ப நான் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.