ஆயக்கொட்டாயில் ஒரு பந்தயம்

சேகரனுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. எதையாவது பிடுங்கிக்கொள்ள நினைத்தால், ஏதோ தானம் செய்ய வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அன்றைக்கும் அப்படித்தான் வந்தார், கையில் ஒரு லேப்டாப்போடு.

மலேசியாவில், செலண்டார் பக்கத்துத் தோட்டம் அது. பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கப் போன தாய்மார்கள் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற ஆயக்கொட்டாய், பல வருடமாகப் பூட்டியே கிடந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு, பாதி சனம் டவுனுக்குப் போய்விட்ட பிறகு அங்கே தொட்டில் கட்ட யார் இருக்கிறார்கள்? அந்த அறையைத்தான் தேவமலரும் தாரணியும் கோயில் கமிட்டியிடம் கேட்டு வாங்கி, எலிப் புழுக்கையைக் கூட்டி, சுண்ணாம்பு அடித்து, ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

இருவருமே ஃபேக்டரி வேலையை உதறியவர்கள். ஜாசினில் கேபினட் செய்யும் கடை ஒன்றுக்கு, சமையலறை அலமாரிகளை முப்பரிமாணப் படமாக வரைந்து கொடுப்பது அவர்கள் தொழில். புதுவீடு வாங்கியவர்கள் தங்கள் அடுப்படியைத் திரையில் நாலா பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பார்கள். 1999இல் அந்த வட்டாரத்துக்கு அது புதுசு.

சேகரன் கோயில் கமிட்டித் தலைவர். கல்யாணச் சமையல் காண்ட்ராக்டரும் அவரேதான். தொழில் பெருகிவிட்டது, அவருடைய அண்டா குண்டாக்களுக்கு இடம் வேண்டியிருந்தது.

"மலரு, இந்தா பிடி. என் மருமவன் சிங்கப்பூர்ல வாங்கினது. ஒங்க ரெண்டு பேருக்கும் அண்ணன் சும்மா குடுக்கிறேன். மடியில வெச்சுக்கிட்டு வீட்டுலயே வேலை செய்யலாம்லா. பிள்ளைங்களையும் பாத்துக்கலாம். ரூமு எதுக்கு?"

தேவமலருக்குச் சுருக்கென்றது. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்து பார்த்தவள்தான் அவள். மவுஸைத் தொட்டால் போதும், ஒருத்தருக்குத் தேத்தண்ணி வேண்டும், இன்னொருத்தருக்குச் சட்டையைக் காணோம். இந்த அறை போனால் தொழிலும் போய்விடும். அது அவளுக்கும் தெரியும், சேகரனுக்கும் நன்றாகவே தெரியும்.

"அதுல எங்க படம் ஒழுங்கா ஓடாதுண்ணே."

"ஏன் ஓடாது? ஒன் கம்ப்யூட்டர் பெட்டியில இருக்கிற கிராபிக்ஸ் கார்டு பேரும் இதுல ஒட்டியிருக்கிற பேரும் ஒண்ணுதான். மருமவன்கிட்ட நல்லா விசாரிச்சுட்டேன்."

"பேரு ஒண்ணா இருந்தா வேலையும் ஒண்ணாயிடுமா? என் பெட்டியில அந்தக் கார்டுக்கு வேணுங்கிற கரண்டு கிடைக்குது, பெரிய காத்தாடி இருக்கு, மெமரியும் தாராளம். லேப்டாப்புல அதைப் பட்டினி போட்டு, இத்துனூண்டு இடத்துல அடைச்சு வெச்சிருக்காங்க."

"அப்ப கமிட்டி முன்னாடி ஓட்டிப் பாப்போம். ரெண்டும் ஒரே மாதிரி ஓடுச்சுன்னா சாவியக் குடுத்துடணும்."

"குடுக்கிறேன்."

தாரணி பின்னாலிருந்து அவள் முதுகைக் கிள்ளினாள். கிள்ளி என்ன செய்ய, வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு காலை, கோயில் மண்டபத்தில் கமிட்டிக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்த பெண்களுமாக நல்ல கூட்டம். தேவமலரும் தாரணியும் பெட்டியையும் அந்தப் பூதாகரமான மானிட்டரையும் மூச்சு வாங்கத் தூக்கி வந்து மேசையில் வைத்தார்கள். லேப்டாப் வந்த தோரணையே வேறு. சேகரனின் மனைவி ராஜம்மா அதற்குப் பூசை போட்டு, பித்தளைத் தாம்பாளத்தில் சிவப்புப் பட்டுத்துணியை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்த்தி, மல்லிகைச் சரம் சுற்றிக் கொண்டுவந்தாள். சந்தனமும் குங்குமமும் மூடியிலும் இருந்தன, பக்கவாட்டிலும் இருந்தன. மாப்பிள்ளை அழைப்பு கெட்டது போங்கள்.

இரண்டிலும் ஒரே படம், ஒரு பெரிய அடுப்படி. முதலில் தேவமலரின் பெட்டி. மவுஸை இழுத்த பக்கமெல்லாம் அடுப்படி வழுக்கிக்கொண்டு திரும்பியது. அலமாரிக் கதவு திறந்து மூடியது. கருங்கல் மேடையில் விளக்கு வெளிச்சம் பளபளத்தது.

அப்புறம் லேப்டாப். தொடக்கத்தில் ஏதோ திரும்பியது. பிறகு நொண்ட ஆரம்பித்து, துண்டு துண்டாகக் குதித்து, பாதிக் கதவு திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தாரணிக்கு முகமெல்லாம் பல்.

தேவமலர் மட்டும் சிரிக்கவில்லை. லேப்டாப்பின் அடியில் கை வைத்தாள், சுட்டது. பக்கவாட்டில் சூடு வெளியேறும் ஓட்டையை ராஜம்மாவின் சந்தனம் கெட்டியாக அப்பி அடைத்திருந்தது. அடியிலிருந்த ஓட்டையைப் பட்டுத்துணி மூடியிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அறை அவளுடையது. ஆனால் இப்படி ஜெயித்துவிட்டு நாளைக்கு எந்த மூஞ்சியோடு பேசுவது? அவளுக்கு அது அசிங்கமாகப் பட்டது.

"இது சரியான போட்டி இல்லண்ணே. சந்தனம் அடைச்சிருக்கு, மெஷினுக்கு மூச்சு முட்டுது."

சேகரன் விருட்டென்று மனைவி பக்கம் திரும்பினார். "ஒனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? எத எங்க பூசணும்னு தெரியாது?"

அத்தனை பேர் முன்னால் ராஜம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தேவமலருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அக்காவ ஏண்ணே திட்டுறீங்க? புது லாரிக்குப் பொட்டு வெக்கிறதில்லையா? என் பெட்டிக்கும் நான் வெச்சிருக்கேன், வந்து பாருங்க. இதுக்கு ஓட்டை எங்க இருக்குன்னு அவங்களுக்கு யாரு சொன்னா?"

தாரணி தலையில் அடித்துக்கொண்டாள். தேவமலர் அதைக் கண்டுகொள்ளாமல் லேப்டாப்பை நிறுத்தி, சந்தனத்தை ஊசியால் நோண்டி எடுத்து, ஈரம் போகத் துடைத்து, இரண்டு மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்தாள். நன்றாக ஆறவிட்டு, மின்சாரமும் போட்டு, மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை அது நிற்கவில்லை. ஆனால் பெட்டியின் வேகத்தில் பாதிகூட இல்லை. கதவு திறப்பதற்குள் கொட்டாவி வந்தது, கருங்கல் மேடை வெறும் சாம்பல் பூச்சாகத் தெரிந்தது. வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள யாருக்கும் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சேகரன் லேசுப்பட்டவரா? தோற்ற முகத்தைக் காட்டாமல் சிரித்தார்.

"ஓடுதுல்ல? கொஞ்சம் மெதுவா ஓடுது, அவ்ளோதானே. வீட்டுல இருக்கிற பொம்பளைங்களுக்கு இது போதும்லா."

தேவமலர் மேசையை விட்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"சரிண்ணே. நீங்களும் அண்டாவையெல்லாம் வித்துட்டு ஒரு ரைஸ் குக்கர் வாங்கிக்குங்க. அதுலயும் சோறு வேகும். ஆயிரம் பேரு கல்யாணத்துக்கு அது போதும்லா."

கமிட்டிக்காரர்களே சிரித்துவிட்டார்கள். சேகரனின் முகம் கறுத்தது.

"எனக்குப் பேச்சு வேணாம். சாவியக் குடு. நாளைக்குக் காலையில லாரியில அண்டா வருது."

"ஒரே மாதிரி ஓடினாத்தான் சாவின்னு நீங்கதான் சொன்னீங்க. ஓடல. நாளைக்குக் காலையில நாங்க உள்ள இருப்போம். எங்க தலை மேலதான் அண்டாவ எறக்கணும்."

"எறக்குவேன்."

"எறக்க மாட்டீங்க."

இதைச் சொன்னது தேவமலர் இல்லை. ராஜம்மா. குனிந்திருந்த தலை நிமிர்ந்திருந்தது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவள் புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அந்தத் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

"கல்யாணம் முடிஞ்சா நீங்க காசோட வீட்டுக்கு வந்துடுறீங்க. விடியுற வரைக்கும் அந்த அண்டாக்குள்ள எறங்கித் தேய்க்கிறது நான். இவ்வளவு வருஷத்துல, இது எனக்குப் போதுமான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"அப்ப அண்டாவ எங்கதான் வெக்கிறது?" என்றார் சேகரன்.

"எங்க வெக்கிறதுன்னு நான் சொல்றேன். நம்ம வீட்டுல கார் நிக்கிற போர்ச்சுல வைங்க. ஒங்க காடி வெயில்ல நிக்கட்டும்."

சொல்லிவிட்டு மேசைக்கு வந்தாள். மானிட்டரின் ஒரு பக்கத்தைத் தேவமலர் பிடித்திருந்தாள். மறுபக்கத்தை ராஜம்மா பிடித்தாள்.

"தூக்கு மலரு," என்றாள்.