பாகம் போகாத மல்லாட்டை

1976ஆம் வருடம் தை மாதம், அடி அண்ணாமலை ஆதிமூலத்தின் களத்தில் குவிந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. மூன்று ஏக்கரில் அவ்வளவு விளையாது. அந்த வருடம் விளைந்தது. கிரிவலம் வந்தவர்கள் குவியலையும் மலை என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆதிமூலத்தின் மகன்கள் அருணகிரியும் தருமனும் அப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டின் நடுவே சுவர் எழுப்பச் செங்கல்கூட இறக்கியாயிற்று. "மொதல்ல மல்லாட்டையப் பாகம் போடுங்க, ஒன்னும் மிஞ்சக் கூடாது. அப்புறம் வூட்டப் பிரிச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் பங்குனியில் கண்ணை மூடினார்.

ஊரே கூடி ஒரு மாதம் எண்ணியது. இரண்டு பங்கு போட்டால் ஒன்று மிஞ்சியது. அதை உடைத்தால் மறுபடி மூடிக்கொண்டது. தின்றால் காலையில் திரும்பி வந்தது. தங்கை கஸ்தூரியையும் சேர்த்து மூன்று பங்கு போட்டார்கள், இரண்டு மிஞ்சியது. மனைவிமாரையும் சேர்த்து ஐந்து போட்டார்கள்; மூன்று மிஞ்சியது.

கஸ்தூரி டவுனில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளி விட்டதும் கரும்பலகையில் அந்த எண்ணை எழுதி, எட்டாயிரத்து அறுநூறு வரைக்கும் வகுத்துப் பார்த்தாள். ஆனி மாதம் முடித்துவிட்டு வந்து சொன்னாள்: "இது பகா எண்ணுண்ணா. ஒன்னால போவும், அதாலயே போவும். வேற எதாலயும் போவாது."

"யாருக்கு ஜாஸ்தி, யாருக்கு கம்மின்னு பாக்காம வகுத்தியா?" என்றான் அருணகிரி.

அந்தக் கார்த்திகையில் மலைமேல் தீபம் ஏறிய நொடியில் எண்ணின் கடைசி இலக்கம் உதிர்ந்தது. குவியல் பத்தில் ஒன்றாகி, எழுபத்து மூன்று லட்சத்துச் சொச்சம் நின்றது. வகுபட்டுவிடுமோ என்று கஸ்தூரி மறுபடி கரும்பலகைக்கு ஓடினாள். வகுபடவில்லை. அதன்பின் தீபத்துக்குத் தீபம் ஓர் இலக்கம் உதிர்ந்தது. மிஞ்சியதும் ஒவ்வொரு முறையும் பகா எண்ணாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் அண்ணன் தம்பி உட்கார்ந்து எண்ணினார்கள். எண்ணுகிறவர்கள் பேசாமல் இருக்க முடியாது. ஒருவன் விட்ட இடத்தை மற்றவன் கேட்டாக வேண்டும். இதற்கிடையில் அருணகிரிக்கு ஒரு பையனும் தருமனுக்கு ஒரு பெண்ணும் பிறந்தார்கள்.

1982 தீபத்தன்று முறத்தில் ஏழு மல்லாட்டை இருந்தது. வீட்டில் ஏழு பேர். ஆளுக்கு ஒன்று, மிச்சம் இல்லை. கஸ்தூரி அண்ணன்களைப் பார்த்தாள்.

"பாகம் போட்டாச்சு. சுவரு?" என்றான் தருமன்.

"செங்கல்லத்தான் போன வருசமே மாட்டுக் கொட்டாய்க்கு வச்சிட்டோமே" என்றான் அருணகிரி, தோலை உரித்தபடி.

மறுநாள் காலை முறத்தில் மறுபடி ஏழு இருந்தது. தின்றார்கள். தினமும் அப்படியே நடந்தது. 1984இல் தருமனுக்கு இன்னொரு பெண் பிறந்த மறுநாள் எட்டு இருந்தது.

"எட்டு ரெண்டால போவும்ணா" என்றாள் கஸ்தூரி.

"போவட்டும். கொழந்தைக்குப் பல்லு மொளைக்கிற வரைக்கும் அவ பங்கையும் நீயே தின்னு" என்றான் அருணகிரி. கஸ்தூரி இரண்டு தின்றுவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.