எட்டு விரல்காரியின் குடி

நிந்தவூரில் றாஹிலாவுக்காகக் கட்டவிருந்த வீட்டின் கிணற்றிலிருந்து, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சனம் சோற்றில் கை வைத்த நேரத்தில், காலுள்ள மீன் ஒன்று ஏறி வந்தது. அந்த வாரம் சூடை மீன் மலிவு, பால்மாவுக்குத் தட்டுப்பாடு. ஊருக்குப் பேச வேறு விசயங்களும் இருந்தன. ஆட்டுக்குட்டி அளவு உடம்பு, துடுப்பு வால், நாலு கால், காலுக்கு எட்டு விரல். காரைதீவிலிருந்து கிணறு வெட்ட வந்த செல்லத்தம்பி அதை முதலில் களியில் பதிந்திருந்த கல்லாகத்தான் கண்டார். கழுவிப் பார்ப்போம் என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்ற, கல் இருமியது. பிறகு ஏணியைப் பிடித்து அவருக்கு முன்னாலேயே மேலே போய்விட்டது. "பிள்ளையார் மேல ஆணை, நான் இறங்கக்குள்ள இது கல்லுதான்" என்று அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது, அது முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்ததே.

எங்கள் ஊரில் புதிதாக யார் வந்தாலும், குடிக்கத் தண்ணி கொடுத்த கையோடு கேட்பது "என்ன குடி?" என்றுதான். குடி தாய் வழியாக வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளைக்கும். ஒரே குடிக்காரர் கூடப்பிறந்தவர் மாதிரி, அவர்களுக்குள் கலியாணம் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் எங்கே பார்க்கிறார்கள்! ஆனால் றாஹிலாவின் மாமா, அவள் உம்மாவின் மூத்த காக்கா, அதாவது பெரிய அண்ணன், உதுமாலெவ்வை, பார்ப்பார். பள்ளிவாசலில் ஓடக்கரைக் குடிக்குத் தலைவர், மரைக்கார் அவர். பாலமுனை முஸ்தாக்கை றாஹிலாவுக்குப் பேசி முடித்து, வீட்டுக்கு முன் கிணறு வெட்ட நாளும் வைத்த பிறகு, மாப்பிள்ளையின் உம்மாவுக்கு உம்மா நிந்தவூர்க்காரி, அதுவும் றாஹிலாவின் அதே ஓடக்கரைக் குடி என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். "தங்கச்சிய முடிக்கிற நிக்காஹ்வுக்கு நான் வந்து நிக்கவா? ஏலா" என்றுவிட்டார். மாமன் வராமல் நிக்காஹ் வைக்க றாஹிலாவின் உம்மாவுக்கு மனம் வரவில்லை. முஸ்தாக் இல்லையென்றால் அந்தக் கிணற்றுத் தண்ணியே வேண்டாம் என்று றாஹிலா அழுதாள். இந்த அமளியில் கிணறு வெட்டுவதை நிறுத்தச் சொல்ல எல்லோரும் மறந்துபோனார்கள், செல்லத்தம்பி பாட்டுக்கு வெட்டிக்கொண்டு போனார்.

பள்ளிவாசலில் ஊருக்கே சோறு போடும் கந்தூரி நெருங்கிக்கொண்டிருந்தது. கந்தூரிச் சோறு குடிகுடியாகத்தான் பிரிபடும். காலுள்ள மீனுக்கும் பசிக்குமே, அதற்கு எந்தக் குடிச் சட்டியில் பங்கு? மரைக்கார் ஒழுங்கு தவறாத மனிசன். கிணற்றடிக்குப் போய்த் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஒங்கட உம்மா ஆருகா?" என்று கேட்டார். அது கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது. செல்லத்தம்பி இன்னும் இரண்டு முழம் தோண்டினார். அதன் உம்மா வந்தாள், விரல் இல்லை, சதைப்பிடிப்பான துடுப்பை ஊன்றி ஊன்றி வந்தாள். அவளிடமும் அதே கேள்வி. அவளும் கீழே பார்த்தாள். ஆழம் போகப் போக வந்தவர்களெல்லாம் பழையவர்கள், எளிமையானவர்கள்: துடுப்பு மெலிந்தவள், தாடையே இல்லாமல் வாயை வட்டமாகத் திறந்தவள். ஒருநாளும் வரிசை மாறவில்லை. "மேல கிடக்கிறது பிந்தி வந்தது, அடியில கிடக்கிறதுதான் முந்தி வந்தது. மண்ணு பொய் சொல்லாது மரைக்கார்" என்றார் செல்லத்தம்பி. ஊர் ஆடு, கோழி, காகம், பூனையெல்லாம் கலியாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் மாதிரி சண்டை பிடிக்காமல் முற்றத்தில் கூடி நின்றன. நண்டுகள் மட்டும் வேலியோடு நின்றுகொண்டன, தூரத்துச் சொந்தம். பள்ளிவாசலில் பிரசங்கம் செய்யும் கத்தீபிடம் கேட்டபோது, "படைச்சவனுக்குத் தெரியும் அவன் எப்படிப் படைச்சானெண்டு. நீங்க கிணத்த மூடி வையுங்க, புள்ளைகள் விழுந்திரும்" என்றார்.

றாஹிலா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அழுகையை ஒரு பக்கம் வைத்துவிட்டு எட்டு விரல்காரியைத் தன் காக்காவின் ஓட்டோவில் ஏற்றிப் போய்க் கையைப் படம் எடுத்தாள். அந்தப் படத்தையும், குர்பானுக்கு அறுத்த ஆட்டின் முன்னங்கால் படத்தையும், மாமா மோட்டார் சைக்கிளில் விழுந்தபோது எடுத்த படத்தையும் யன்னல் கம்பியில் வரிசையாகக் கட்டினாள். "மாமா, இதில ஒங்கட கை எது?" அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தோளிலிருந்து ஒரு எலும்பு, அதன் கீழ் இரண்டு, பிறகு பொடி எலும்புகள், பிறகு விரல். எல்லாவற்றிலும் அதே கணக்கு. குர்பானுக்குக் குர்பான் தன் கையால் பிரித்த ஆட்டுக்காலை உடனே தள்ளிவிட்டார். மற்ற இரண்டில் ஒன்றைத் தொட்டு, "இது நான்" என்றார். "விரல எண்ணுங்க மாமா" என்றாள் றாஹிலா. எண்ணினார். எட்டு வந்தது. முற்றத்தில் எழுந்த சிரிப்பில் காகங்கள்கூடப் பறந்தன.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு செல்லத்தம்பியின் வாளியில் கடைசி உம்மா வந்தாள். சுண்டுவிரல் நீளம், கண் இல்லை, முகம் இல்லை, முதுகு நெடுக ஒரே ஒரு நரம்புக் கோடு. முற்றத்தில் நின்ற ஆடு, கோழி, பூனை, சனம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முதுகு கூசியது. மரைக்காருக்கும் கூசியது, கண்ணும் கலங்கிவிட்டது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்: "எல்லாம் ஒரு உம்மாட வயிறு. ஒரு குடிதான்." உடனே அவர் மனைவி சுலைஹா, பெண்கள் பக்கமிருந்து, "அப்ப நாப்பது வருசமா தங்கச்சி ஆக்கின சோத்தயா தின்னுறீங்க?" என்றாள். மரைக்கார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரில் அவர் சிரித்ததைக் கண்டவர்கள் அதற்கு முன் இல்லை. "முஸ்தாக்குக்குப் போன்ல அடியுங்க ஒரு கோல். நிக்காஹ்வுக்கு நான் முன்னுக்கு நிப்பன்" என்றார்.

அப்படித்தான் றாஹிலாவின் கலியாணம் நடந்தது. கிணற்றிலிருந்து வந்த உம்மாமார் எல்லோரும் பெண்கள் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டிகளில் இருந்தார்கள். எட்டு விரல்காரிக்கு மருதோண்டி போட்ட பெண்கள் விரல் முடியவில்லையே என்று அலுத்துக்கொண்டே போட்டார்கள், அவளுக்கு நன்றாகச் சிவந்தது. கலியாணம் முடிய எல்லோரும் கிணற்றுக்குள் இறங்கிப் போனார்கள். தண்ணீர் இன்றைக்கும் தேன்.

அடுத்த வருசம் றாஹிலாவுக்கு மகள் பிறந்தாள். நாற்பதாம் நாள், அதுவும் கந்தூரி நாள், எட்டு விரல்காரி ஏறி வந்து, பிள்ளையின் பொத்திய கையை மெல்ல விரித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஐந்தோடு முடிந்துவிட்டது. குறைகிறதே என்று கவலையோடு மரைக்காரைப் பார்த்தாள். அவர் பிள்ளையின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "அஞ்சு காணும் உம்மா, அதுவே போதும். நம்மட புள்ளதான்" என்றார். அவள் சமாதானமாகி, கந்தூரிச் சோற்றில் தன் பங்கை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.