விளிம்பில் ஒரு முட்டை

நீலக்காலி இந்த முறையும் முட்டையை விளிம்பில்தான் இட்டிருந்தாள். உள்ளங்கையில் அடங்கிவிடும் கூடு. அதன் ஓரத்தில், காற்று கொஞ்சம் பலமாக வீசினால் விழுந்துவிடும் இடத்தில், ஒரே ஒரு முட்டை. அவளோ குழிவுக்குள் சௌகரியமாக உட்கார்ந்து, ஒன்றுமே இல்லாத இடத்தை மும்முரமாக அடைகாத்துக்கொண்டிருந்தாள். முட்டை அவள் வாலுக்குப் பின்னால் குளிர்ந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் பின்னால நகர்ந்து உட்காரேண்டி, பைத்தியக்காரி," என்றேன்.

"பேசுங்க ஆன்ட்டி, தாராளமா பேசுங்க. கையை மட்டும் பைக்குள்ள வச்சுக்கோங்க," என்றான் பின்னால் நின்ற டூகல்.

அவனுக்கும் எனக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம். ஆன்ட்டி என்று கூப்பிடுவது வெறும் கொழுப்பு. அவன் கிறைஸ்ட்சர்ச் நகரத்திலிருந்து வந்த பறவை ஆராய்ச்சியாளன். நான் சாத்தம் தீவுகளில் பிறந்து, சிங்கி இறால் படகில் வேலை பார்த்து, பிறகு ஆளில்லாத இந்தக் குட்டித் தீவில் கருப்பு ராபின் பறவைகளைக் கவனிக்க வந்தவள். இங்கே காலில் பலகை கட்டிக்கொண்டுதான் நடக்கவேண்டும். மண்ணுக்கடியில் எங்கு பார்த்தாலும் கடற்பறவைகளின் வளைகள். வெறும் பூட்ஸோடு நடந்தால் யார் வீட்டுக் கூரையையாவது உடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவோம்.

ஒரு காலத்தில் உலகம் முழுக்கச் சேர்த்தே இந்த ராபின்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. அன்றைக்கு ஒரு முட்டையைக்கூட இழக்க முடியாது. விளிம்பில் முட்டையைப் பார்த்தால் ஒரு விரலால் மெல்ல உள்ளே தள்ளிவிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான். நீலக்காலியே நான் தள்ளிவிட்ட முட்டையிலிருந்து வந்தவள். காலில் நீல வளையம் மாட்டியவளும் நான்தான்.

போன குளிர்காலத்தில் டூகல் எல்லாக் கூடுகளின் வம்சாவளியையும் கணக்குப் போட்டுப் பார்த்தான். விளிம்பில் இடும் தாயின் மகளும் விளிம்பில்தான் இடுகிறாள். நாங்கள் தள்ளாமல் இருந்திருந்தால் அந்த முட்டைகள் குளிர்ந்து போயிருக்கும், பழக்கமும் அவற்றோடு போயிருக்கும். நாங்கள் செல்லம் கொடுத்து வளர்த்ததில், இப்போது பெட்டைகளில் பாதிக்கு மேல் விளிம்புக்காரிகள். பறவைகள் நூற்றைத் தாண்டிவிட்டதால் இந்தப் பருவத்திலிருந்து யாரும் எந்த முட்டையையும் நகர்த்தக்கூடாது என்று அவன்தான் சொன்னான். நான் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு அவன் கணக்கை நானே உட்கார்ந்து சரிபார்த்தேன். பாவி, சரியாகத்தான் போட்டிருந்தான்.

ஆனால் நீலக்காலிக்கு வயதாகிவிட்டது. பருவத்தின் முதல் கூட்டைப் புயல் கொண்டுபோய்விட்டது. இதை விட்டால் இந்த ஆண்டு வேறு முட்டை இல்லை. அடுத்த ஆண்டு அவளே இருப்பாளா என்பது சந்தேகம்.

அன்று மாலை குடிலில் மீன் வறுத்தபடி மெதுவாக ஆரம்பித்தேன். "இந்த ஒண்ணை மட்டும் தள்ளிடலாமே."

"தள்ளினா குஞ்சு வரும். அது பொட்டையா இருந்தா அதுவும் ஓரத்துல இடும். அதுக்கு யாரு தள்ளுவா?"

"நான்தான். வேற யாரு?"

"அதோட பேத்திக்கு?"

"அதுக்குள்ள நீ பெரிய ஆளாகி, தள்ளிவிட ஒரு மிஷின் கண்டுபிடிச்சிருப்ப."

அவன் சிரிக்கவில்லை. தட்டில் பாதி மீனை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனான். நான் சட்டியை நங்கென்று வைத்தேன்.

காலையில் விழித்தபோது அவன் படுக்கை காலியாக இருந்தது. வாசலில் ஒரு ஜோடி பலகை இல்லை. என்னுடையதைக் கட்டிக்கொண்டு நேராக நீலக்காலியின் மரத்துக்குப் போனேன். அவன் அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மேலே நீலக்காலி கூட்டில் இருந்தாள். விளிம்பு காலியாக இருந்தது.

"விழுந்துடுச்சா?"

"உள்ள இருக்கு," என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "காத்துல உருண்டிருக்கும்."

"ஓஹோ. உருட்டிட்டு, உன் பலகைத் தடத்தையும் மரத்தடியில போட்டுட்டுப் போயிருக்கு காத்து."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ராத்திரி பூரா தூக்கமே வரல. காலி கூட்டுல அவ உட்கார்ந்திருந்தது கண்ணுலயே நிக்குது. ஒரு முட்டையால ஒண்ணும் ஆயிடாது, ஆன்ட்டி."

"ஒவ்வொண்ணையும் அப்படிச் சொல்லித்தான் தள்ளினோம். அதுதானே உன் கணக்கு."

"கணக்கு போட்டது குளிர்காலத்துல. அப்ப இவளை எனக்குத் தெரியாது." குரலைத் தாழ்த்திச் சொன்னான். "நீங்க எதுவும் செய்ய வேணாம். அப்படியே விட்டுடுங்க. இப்ப அதை மறுபடி ஓரத்துக்கு எடுத்தா, தொட்டது நீங்கதான்னு ஆகும்."

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நான் ஆசைப்பட்டதை எனக்காக வேறொருவன் செய்து முடித்திருந்தான். இனி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. இவ்வளவு சுலபமாக ஒரு நல்லது என் வாழ்க்கையில் வந்ததே இல்லை.

நின்றேன். கடலைப் பார்த்தேன். அலை ஏறியிருந்தது, இன்றைக்குப் படகு வராது. இப்படியே வராமல் போகும் வருடங்களும் வரும். பணம் நின்றுபோகலாம், இந்தப் பறவைகளை எல்லோரும் மறந்தேபோகலாம். அன்றைக்குத் தீவு முழுக்க நீலக்காலியின் பேத்திகள் காலிக் கூட்டில் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

"எந்திரி, வழி விடு," என்றேன்.

டூகல் புரிந்துகொண்டான். தடுக்கவில்லை. பலகைகளை இழுத்துக்கொண்டு எட்டப் போய், முதுகைக் காட்டி நின்றான்.

கையை நீட்டியதும் நீலக்காலி எழுந்து, என் காதுக்குப் பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் ராபின்களுக்கு மனிதர்களிடம் பயம் கிடையாது. அவை பயப்படும்படி நாங்கள் எதுவும் செய்ததில்லை. முட்டை கதகதப்பாக இருந்தது. அது இவ்வளவு கதகதப்பாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எடுத்து விளிம்பில் வைத்தேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே அது உருளாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

அவள் கூட்டுக்குத் திரும்பினாள். முட்டையைத் தாண்டிக் காலடி வைத்து, வெறும் குழியில் வயிற்றைப் பரப்பி, இரண்டு முறை அசைந்து சரியாக உட்கார்ந்துகொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். கொத்த வந்திருந்தால் தேவலாம் என்றிருந்தது.