ஊசி போட்ட அன்று பட்டறைக்குப் போனவர்

இன்று காலை பதினொரு மணிக்குப் பேச்சிமுத்து அண்ணாச்சிக்கு மருந்து ஏற்றி முடித்தோம். மம்சாபுரத்தில் பழைய பேட்டரித் தகடுகளை உருக்கும் பட்டறையில் பதினெட்டு வருடம் உலை பார்த்தவர். ரத்தத்தில் ஈயம் ஏறி, சிறுநீரகங்கள் இரண்டும் போய்விட்டன. டாக்டர் சொன்னதால் ஒரு மாதமாக வேலைக்குப் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பழகும் டயாலிசிஸ் பிரிவுக்கு வாரம் மூன்று முறை வருகிறார்.

இந்த மருந்து ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு அது சிறுநீரோடு போய்விடும். இவருக்குச் சிறுநீர் இல்லை. மெஷின்தான் வெளியேற்ற வேண்டும். தாமதமானால் ஈயம் உடம்புக்குள்ளேயே சுற்றும், மூளை வரை போகலாம்.

“நாலு மணிக்குள்ள மெஷின்ல போட்டுரணும்” என்று டாக்டர் அனுக்ரஹா சொல்லியிருந்தார்.

ஒரு மணிக்கு மெஷினில் அவர் முறை. சாப்பிடப் போனவர் வரவில்லை. போனை எடுக்கவில்லை. இரண்டு மணிக்கு அவர் மனைவி பிச்சையம்மாளைப் போனில் பிடித்தேன்.

“அவிய பட்டறைல நிக்காவளாம் தாயி. இப்பதான் ஒரு ஆளு சொல்லிட்டுப் போறான்.”

ஆட்டோ பிடித்துப் போனேன். எனக்கு முன்பே பிச்சையம்மாள் வந்திருந்தார். அண்ணாச்சி புகைக்குள் நின்று கரண்டியால் உலையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, என்ன காரியம் பண்ணுதீக!”

“லோடு வந்திருக்கு பாப்பா. ஊசி ஈயத்தப் புடிச்சுக்கிடும்னு நீதான சொன்ன? இன்னைக்கு எம்புட்டுப் பொகைல நின்னாலும் ஒண்ணும் ஏறாதுல்லா?”

“அப்படின்னா உலைக்குள்ளயே பாய விரிச்சுப் படுங்க” என்றார் பிச்சையம்மாள்.

ஊசி ஈயத்தைப் பிடிக்கும் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். பிடித்த பிறகு என்ன ஆகும் என்று சொல்லவில்லை. சொன்னதாக நினைத்துக்கொண்டேனா என்று திரும்பும்போது ஆட்டோவில் யோசித்துப் பார்த்தேன். இல்லை, சொல்லவே இல்லை.

மூன்று முப்பத்தைந்துக்கு மூவரும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். மெஷின் குழாய்க்கான ஊசியை உடனே குத்த முடியவில்லை. கையெல்லாம் சாம்பல் நிறத் தூசி. சட்டையை மாற்றி, சோப்பு போட்டு இரண்டு முறை கழுவினேன். தண்ணீர் கறுப்பாகவே ஓடியது. மூன்றாவது முறையும் கழுவினேன். நான் குத்திய ஊசி நரம்பில் ஏறவில்லை. இரண்டாவது முறை சிஸ்டர் குத்தினார். மூன்று ஐம்பத்தாறுக்கு மெஷின் ஓடத் தொடங்கியது.

“நீ அவர்கிட்ட என்ன சொன்ன?” என்று டாக்டர் கேட்டார். சொன்னேன்.

“அதையும் கேஸ் ஷீட்ல எழுது.”

எழுதினேன். ராஜபாளையத்தில் என் மாலை வகுப்பு தொடங்கியிருக்கும். நான் கட்டிலருகே போய், மெஷின் எதற்கு என்று முதலிலிருந்து அவருக்குச் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

“அப்போ இன்னைக்குப் புதுசா ஏறினது?”

“தெரியல அண்ணாச்சி. ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கு.”

அண்ணாச்சி போன் கேட்டு வாங்கி, “மொதலாளி, நாளைக்கு நான் வாரல” என்றார்.

பிச்சையம்மாள் போனைப் பிடுங்கினார். “நாளைக்குன்னு இல்ல, இனிமே அவிய வரமாட்டாவ” என்று சொல்லி வைத்துவிட்டார்.